அறியோம் என்பதும் ஒரு விடையோ?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐம்பது மாநிலங்களுக்கிடையே பிரயாணஞ் செய்வோரிடம் கடவுச்சீட்டுக் கேட்பார் எவருமிலர். சரக்குகள் தடையின்றிச் செல்கின்றன. மூலதனம் ஒரு நொடியில் எல்லை தாண்டுகிறது. வேலை தேடும் தொழிலாளியும் தன் மூட்டையுடன் விரும்பிய திசையிற் செல்லலாம். ஆயின், அவ்வாறு செல்பவர் ஒரு தாதியாகவோ ஆசிரியராகவோ சட்டத்தரணியாகவோ உளநல ஆலோசகராகவோ இருப்பாராயின், அவர் பெற்ற படிப்பு எல்லைக்கோட்டிலே நின்றுவிடக் கூடும். ஒரு மாநிலத்தில் தொழில் செய்வதற்கு அவரைத் தகுதியுடையவராக்கிய அதே பட்டம், அடுத்த மாநிலத்திலே அனுமதிப் பரீட்சைக்கு அமர்வதற்குக்கூடப் போதாததாகிவிடலாம்.

பழைய காலத்தில் இது சிலரையே பாதித்தது. கல்லூரி இருந்த ஊரிற் படித்து, அதே மாநிலத்தில் தொழில் செய்தோரே பெரும்பாலோர். இணையவழிக் கல்வி பரவிய பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. ஒரு மாநிலத்தில் அமைந்த கல்லூரி ஏனைய மாநிலங்கள் அனைத்திலும் விளம்பரஞ் செய்து மாணவரைச் சேர்க்கிறது. பிள்ளைகளை உறங்கவைத்த பின் சமையலறை மேசையிலிருந்து படிக்கும் ஒரு தாய், ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள கல்லூரியின் மாணவியாகிறாள். அவள் கேட்கும் வினா ஒன்றே: “இப்படிப்பை முடித்தால் என் மாநிலத்திலே எனக்குத் தொழில் அனுமதிப்பத்திரம் கிடைக்குமா?” கல்லூரி இதற்கு மூன்று விதமாக விடையிறுக்கலாம். கிடைக்கும் எனலாம், கிடைக்காது எனலாம், அறியோம் எனலாம். முதலிரண்டு விடைகளையும் அறநோக்கில் மதிப்பிடுவது கடினமன்று. உண்மையாயின் நன்று, பொய்யாயின் தீது. மூன்றாவது விடையே நம்மைச் சிந்திக்கவைப்பது. பொருளை விற்பவன் அப்பொருளின் பயனைப் பற்றி “அறியேன்” என்று உண்மையாகவே கூறுவானாயின், அவன் தன் கடமையைச் செய்தவனாவானா?

இவ்வினாவின் வேர்கள் ஆழமானவை. அமெரிக்க அரசியலமைப்பு, மத்திய அரசுக்கு ஒப்படைக்காத அதிகாரங்களை மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியனவாக விட்டது. தொழில்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அவ்வாறே மாநிலங்களிடம் தங்கிற்று. 1880களில் மேற்கு வேர்ஜீனியா மாநிலம் வைத்தியருக்கான சட்டமொன்றை ஆக்கியது. நன்மதிப்புள்ள மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். அன்றேல் அம்மாநிலத்திலே பத்தாண்டு வைத்தியஞ் செய்திருத்தல் வேண்டும். அன்றேல் பரீட்சையிற் சித்தியெய்த வேண்டும் என்றது அச்சட்டம். பிராங்க் டென்ற் என்னும் வைத்தியர் அயல் மாநிலமான ஓகையோவின் சின்சினாற்றி நகரக் கல்லூரி ஒன்றின் சான்றிதழைக் காட்டினார். அக்கல்லூரி நன்மதிப்புள்ளதன்று என்று மாநிலச் சபை அதனை நிராகரித்தது. அதன் பின்னும் வைத்தியஞ் செய்த டென்ற் குற்றவாளியாகக் காணப்பட்டார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அறியாமையினின்றும் ஏமாற்றினின்றும் மக்களைக் காக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டென 1889 ஆம் ஆண்டிலே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கத் தொழில் அனுமதி முறையின் சட்ட அத்திவாரம் இத்தீர்ப்பே எனலாம். அதிலே நாம் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. தண்டனை பெற்றவர் சான்றிதழை வாங்கியவர். அதனை வழங்கிய கல்லூரி அவ்வழக்கில் யாருக்கும் மறுமொழி கூற வேண்டியிருக்கவில்லை.

அனுமதி முறையே தீதென்று கூறுவோரும் உளர். மில்ரன் பிரீட்மன் 1962 இல் வெளியிட்ட ‘முதலாளித்துவமும் சுதந்திரமும்’ என்னும் நூலில், வைத்தியருக்குங்கூட அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்ற எல்லைக்கே சென்றார். சந்தை தானே நல்லவரையும் தீயவரையும் பிரித்துவிடும் என்பது அவர் கூற்று. பிரித்துவிடலாம், ஆயின் எத்தனை நோயாளிகளின் சாவுக்குப் பின்னர் என்பதைச் சந்தை கூறுவதில்லை. செல்வர் விசாரித்து நல்ல வைத்தியரை நாடுவர். விசாரிக்க நேரமும் வசதியும் அற்ற ஏழையே பரிசோதனைப் பொருளாவான். எனவே தொழில் அனுமதி என்பது அடிப்படையில் உழைக்கும் மக்களுக்கான காப்பு என்பதை நாம் விட்டுக்கொடுத்தல் ஆகாது.

அதே வேளை, அக்காப்பு வேலியாகவும் மாறவல்லது என்பதை மறைப்பதிற் பயனில்லை. 1910 இல் வெளியான பிளெக்ஸ்னர் அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்வியைச் சீர்செய்தது உண்மை. போலிக் கல்லூரிகள் பல மூடப்பட்டன. ஆனால் அவற்றோடு கறுப்பின மக்களுக்கெனவிருந்த மருத்துவக் கல்லூரிகளும் ஒவ்வொன்றாக மறைய, ஹவார்ட், மெஹாரி ஆகிய இரண்டே நீண்ட காலம் எஞ்சி நின்றன. தரம் உயர்ந்தது; வாயில் குறுகியது. பிற்காலத்தில் வாயில்களின் தொகையும் பெருகிற்று. 1950களில் அமெரிக்கத் தொழிலாளருள் இருபதில் ஒருவருக்கே மாநில அனுமதிப்பத்திரம் தேவைப்பட்டது. இன்றோ நால்வரில் ஒருவர் அளவுக்கு அது வளர்ந்துள்ளது என்பதை வெள்ளை மாளிகை 2015 இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டிற்று. வைத்தியருக்கும் தாதிக்கும் மட்டுமன்றி முடி திருத்துவோருக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

மாநிலங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்குச் சட்டத்துறையே சிறந்த சான்று. விஸ்கொன்சின் மாநிலத்திலுள்ள இரண்டு சட்டக் கல்லூரிகளின் பட்டதாரிகள், அம்மாநிலத்திலே சட்டத்தரணிப் பரீட்சை எழுதாமலே தொழில் தொடங்கலாம். எல்லையைத் தாண்டி அயல் மாநிலமாகிய இலினோய்க்குச் சென்றவுடன் அச்சலுகை காற்றிற் கரைந்துவிடும். கலிபோர்ணியாவோ, அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கத்தின் அங்கீகாரம் பெறாத கல்லூரிகளிற் படித்தோரையும், தபால் மூலமும் இணையவழியும் படித்தோரையும்கூடச் சில நிபந்தனைகளோடு பரீட்சைக்கு அனுமதிக்கிறது. வேறு மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் அப்பட்டங்களைக் கொண்டு வாயிற்படியை மிதிக்கவும் இயலாது. ஆசிரியத் தொழிலிலும் இதே கதைதான். டெக்சஸ், புளோரிடா, கலிபோர்ணியா ஆகியன தத்தமக்கெனத் தனித்தனிப் பரீட்சைகளை வைத்திருக்கின்றன. வேறு பல மாநிலங்கள் ‘பிரக்சிஸ்’ எனப்படும் பொதுப் பரீட்சையை ஏற்கின்றன. அரிசோனாவிற் கற்பிக்க வருவோர் நாட்டின் அரசியலமைப்போடு அம்மாநிலத்தின் அரசியலமைப்பையும் அறிந்திருத்தல் வேண்டுமாம். இதில் நியாயமில்லை என்று நான் கூறேன்; குடியியல் படிப்பிக்கும் ஆசிரியர் தாம் வாழும் மாநிலத்தின் சட்டத்தை அறிந்திருப்பது நன்றே.

தாதியர் விடயத்தில் பரீட்சை ஒன்றே. நாடு முழுவதிலும் ஒரே அனுமதிப் பரீட்சை நடைபெறுகிறது. அவ்வாறிருந்தும், அப்பரீட்சைக்கு அமரத்தக்க படிப்பு எது என்பதை ஒவ்வொரு மாநிலச் சபையும் தனித்தனியே தீர்மானிக்கிறது. நியூயோர்க் மாநிலத்து எக்செல்சியர் கல்லூரி, ஏற்கெனவே மருத்துவ நிலையங்களில் வேலை செய்வோருக்கெனத் தொலைக்கல்வித் தாதிப் படிப்பொன்றை நடத்தியது. பாடத்தோடு உடனிகழ்வாக மேற்பார்வையிலான மருத்துவமனைப் பயிற்சி வேண்டும் என்பது கலிபோர்ணியச் சபையின் விதி. எனவே 2003 டிசம்பர் மாதத்தில் குறித்த ஒரு நாளுக்குப் பின் அக்கல்லூரியிற் சேர்ந்தோர், அவ்விதியை நிறைவுசெய்தாலன்றிக் கலிபோர்ணியாவிற் பதிவுபெற இயலாது என அச்சபை அறிவித்தது. வேறு மாநிலங்கள் பலவற்றில் அதே படிப்பு ஏற்கப்பட்டது. எது சரி, எது பிழை என்று இங்கு நான் தீர்ப்புக் கூற முற்படவில்லை. நோயாளியின் படுக்கையருகே நின்று கற்றல் வேண்டும் என்ற சபையின் கோரிக்கையும் நியாயமானதே; பல்லாண்டு மருத்துவமனையில் உழைத்தவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானதே. நம் கவலை வேறு. அந்த நாளை அறியாது பணங்கட்டிச் சேர்ந்த ஒருவருக்கு அதனை அறிவிக்கும் கடமை யாருடையது?

இணையவழிக் கல்வி நடத்துவதற்குங்கூட மாநிலங்களின் அனுமதி வேண்டும். ஐம்பது மாநிலங்களிலும் தனித்தனியே அதனைப் பெறுவது பெருஞ்சிரமமாகையால், ‘சாரா’ எனப்படும் மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை 2014 இலிருந்து நடைமுறைக்கு வந்தது. சொந்த மாநிலத்தில் அனுமதி பெற்ற கல்லூரி, உடன்படிக்கையிற் சேர்ந்த ஏனைய மாநிலங்களிலும் இணையவழியே கற்பிக்கலாம். பெரும்பாலான மாநிலங்கள் இதிற் சேர்ந்துள்ளன. ஆயின் இது கற்பிப்பதற்கான அனுமதி. கற்றவர் தொழில் செய்வதற்கான அனுமதி இதில் அடங்காது. இரண்டு அனுமதிகளுக்குமுள்ள இவ்வேறுபாடு நிருவாகிக்கு விளங்கும். சமையலறை மேசையிலிருக்கும் அத்தாய்க்கு எவ்வாறு விளங்கும்? “உங்கள் மாநிலத்திற் கற்பிக்க அனுமதி பெற்ற கல்லூரி” என்ற வாக்கியத்தை வாசிக்கும் எவரும், அப்படிப்பு அம்மாநிலத்திற் செல்லுபடியாகும் என்றே கொள்வர். வாக்கியம் பொய்யன்று. அது விளைவிக்கும் நம்பிக்கையே பொய்.

மத்திய அரசு இவ்விடயத்திலே தலையிடுவதற்குப் பிடியாக அமைந்தது பணம். 1965 இன் உயர்கல்விச் சட்டத்தின்கீழ் மாணவருக்குக் கடனும் உதவிப்பணமும் வழங்குவது மத்திய அரசு. அப்பணத்தைப் பெற விரும்பும் கல்லூரி அரசோடு ஒப்பந்தஞ் செய்து அதன் நிபந்தனைகளுக்கு உட்படல் வேண்டும். 2016 இல் ஆக்கப்பட்ட விதியொன்று, தொலைக்கல்வி மாணவருக்கு இவ்விவரங்களை அறிவிக்குமாறு கல்லூரிகளைப் பணித்தது. ஆட்சி மாறியதும் அவ்விதி ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தது சட்டவிரோதமெனத் தேசிய ஆசிரியர் சங்கம் வழக்காடி 2019 இல் வென்றது. ஆசிரியராகிய நாம் இதனைக் குறித்துக்கொள்ளல் நன்று. மாணவரின் இவ்வுரிமைக்காக நீதிமன்றஞ் சென்றவர்கள் சம்பள உயர்வுக்கு மட்டுமே போராடுவோர் என ஏளனஞ் செய்யப்படும் ஆசிரியத் தொழிற்சங்கத்தவரே.

2020 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அடுத்த விதி, நான் மேலே கூறிய மூன்று விடைகளையும் சட்டமாகவே எழுதிற்று. தொழில் அனுமதிக்கு வழிகாட்டும் ஒவ்வொரு பாடநெறிக்கும் கல்லூரி மூன்று பட்டியல்களை வெளியிடல் வேண்டும்: நிபந்தனையை நிறைவுசெய்யும் மாநிலங்கள், நிறைவுசெய்யாத மாநிலங்கள், இன்னும் தீர்மானிக்கப்படாத மாநிலங்கள். மாணவர் இருக்கும் மாநிலம் இரண்டாவது அல்லது மூன்றாவது பட்டியலிலிருப்பின், சேர்வதற்கு முன்னரே அதனை அவருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போது பாடநெறி போதாதென்று கல்லூரி தீர்மானித்தால், பதினான்கு நாட்களுக்குள் அவருக்கு அறிவித்தல் வேண்டும்.

இது முன்னேற்றமே. ஆனால் மூன்றாவது பட்டியலை நோக்குக. ஒரு கல்லூரி எந்த மாநிலத்தைப் பற்றியும் விசாரிக்காது, தன் சொந்த மாநிலம் தவிர்ந்த அனைத்தையும் அப்பட்டியலில் இட்டு விதியை நிறைவுசெய்யக் கூடியதாயிருந்தது. விசாரித்தால் ‘இல்லை’ என்ற விடை வரலாம். ‘இல்லை’ என்றால் மாணவர் சேரமாட்டார். ‘அறியோம்’ என்றாலோ, நம்பிக்கையுள்ள மாணவர் சேரக்கூடும். ஆக, அறியாமை இலாபந் தரும் பொருளாகிறது.

இவ்விடத்தில் பழைய விவாதமொன்று நினைவுக்கு வருகிறது. கிறித்துவுக்கு முன் 44 ஆம் ஆண்டிலே சிசரோ தன் மகனுக்கென எழுதிய ‘கடமைகள்’ என்னும் நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு வணிகனைப் பற்றிக் கூறுகிறார். ரோட்ஸ் தீவிலே பஞ்சம். தானியம் எட்டாத விலை. அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். இன்னும் பல கப்பல்கள் தனக்குப் பின்னே வந்துகொண்டிருப்பதை அவன் அறிவான். அதனை ரோட்ஸ் மக்களுக்குக் கூறவேண்டுமா? அன்றி வாய்மூடி உயர்ந்த விலைக்கு விற்கலாமா? சட்டம் கேட்குமளவுக்குக் குறைகளைக் கூறினாற் போதும், எஞ்சியவற்றைக் கூறாதிருப்பது ஏமாற்றன்று என்றார் பாபிலோனிய தியோஜெனஸ். அவரின் மாணாக்கரான அந்திப்பாத்தர் இதனை மறுத்தார். விற்பவன் அறிந்த எதனையும் வாங்குவோன் அறியாதிருத்தல் ஆகாது. மனிதர் ஒருவருக்கொருவர் உதவப் பிறந்தவர் என்பது அவர் நிலை. சிசரோ அந்திப்பாத்தரின் பக்கமே சாய்ந்தார்.

ஈராயிரம் ஆண்டுகளாகச் சந்தையின் நியாயம் தியோஜெனசின் நியாயமாகவே இருந்துவருகிறது. ஆயினும் ஒன்றைக் கூறவேண்டும். அலெக்சாந்திரிய வணிகன் பின்னே வரும் கப்பல்களைத் தன் கண்ணாற் கண்டவன். கண்டதை மறைப்பதா என்பதே அவன் சிக்கல். நாம் பேசும் கல்லூரியோ கப்பலின் பின்புறம் திரும்பிப் பாராத வணிகனைப் போன்றது. பார்த்தால் உண்மை தெரியும்; தெரிந்தாற் கூறவேண்டும்; ஆகவே பாராதிருத்தலே மேல். இத்தகையவனைப் பற்றி அந்திப்பாத்தர் என்ன கூறுவார்? விற்பவன் அறிந்ததைக் கூறவேண்டும் என்ற விதி அவனைத் தீண்டாது. இவ்விடத்தில் சிசரோவை விட அரிஸ்தோத்திலே நமக்குத் துணையாகிறார். தம் ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியில், ஒருவன் தன் கவனக்குறைவால் அறியாதவனாயிருப்பின் அவ்வறியாமைக்காகவே அவன் தண்டிக்கப்படத்தக்கவன் என்கிறார். கவனங்கொள்ளும் ஆற்றல் அவனிடமே இருந்தது என்பது காரணம். வெறியிற் குற்றஞ் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதிக்கும் சட்டத்தை அவர் உதாரணங் காட்டுகிறார். குடிக்காதிருக்க அவனால் இயன்றிருக்கும் அன்றோ?

பொய்க்கும் இத்தகைய அறியாமைக்கும் உள்ள வேறுபாட்டைப் பணத்தின் மொழியிலே கூறினால் இன்னும் தெளிவாகும். கொறிந்தியன் என்னும் இலாபநோக்குக் கல்லூரிக் கம்பனி, வேலைவாய்ப்பைப் பற்றி மாணவருக்குப் பொய்த் தகவல்களைக் கூறியதாக அம்பலமாகி 2015 இல் வீழ்ந்தது. நீண்ட போராட்டத்தின் பின், 2022 இல் அதன் முன்னாள் மாணவர் 5,60,000 பேரின் கடன்கள், ஏறத்தாழ 580 கோடி டொலர், தள்ளுபடியாயின. பொய்யெனக் காட்டமுடிந்தமையாலேயே அது இயன்றது. ‘தீர்மானிக்கப்படவில்லை’ என்ற சொல்லை எந்த நீதிமன்றத்திலே பொய்யென்று காட்டுவது? அது உண்மை; எழுத்திலும் தரப்பட்டது; மாணவியும் வாசித்திருக்கிறாள். ஆகவே அவள் கடன் அவளுடையதே. வங்குரோத்தாலும் எளிதில் நீங்காத கடன் அது.

எதிர்வாதத்தைக் கேளாது செல்வது நேர்மையன்று, அது வலிமையானதுங்கூட. கல்லூரிகள் எல்லாம் சோம்பியிருக்கவில்லை என்பர். பத்துத் தொழிற் பாடநெறிகளை நடத்தும் கல்லூரி, ஐம்பது மாநிலங்களை நோக்கினால் ஐந்நூறு தீர்மானங்களைச் செய்தல் வேண்டும். தலைநகர்ப் பிரதேசமும் தீவுப் பிரதேசங்களும் இதற்கு மேலதிகம். ஆசிரியப் பயிற்சியிலே ஒவ்வொரு பாடமும் ஒவ்வொரு வகுப்புநிலையும் தனிக்கணக்கு. ஒருமுறை தீர்மானித்தாலும் விதிகள் மாறிக்கொண்டேயிருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, பல மாநிலச் சபைகள் வெளிமாநிலப் பாடநெறிகளை முன்கூட்டி ஆராய்வதே இல்லை. கல்லூரி எழுதிக் கேட்டால், “பட்டம் பெற்றபின் அந்த ஆளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அப்போது பார்ப்போம்” என்பதே விடை. சில சபைகளிடமிருந்து விடையே வராது. இந்நிலையில் ஒரு சிறு கல்லூரியின் பதிவாளர் என்ன செய்வார்?

இது மெய்யான இடர். அறிய இயலாதவரையும் அறிய மறுப்பவரையும் ஒரே தட்டில் நிறுத்தல் நியாயமன்று. ஆனால் இவ்வாதத்தை அதன் முடிவுவரை கொண்டுசெல்வோமாயின் அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சட்ட அலுவலரையும் ஆய்வாளரையும் கொண்ட ஒரு நிறுவனமே கண்டறிய இயலாததை, தனியொருத்தி, வேலைக்கும் பிள்ளைகளுக்குமிடையே, தானே கண்டறிய வேண்டும் என்பதே அதன் மறுபக்கம். கல்லூரிகள் மாணவருக்கு அனுப்பும் அறிவித்தல்களிற் பல “தங்கள் மாநிலச் சபையோடு தாங்களே தொடர்புகொள்ளவும்” என்றே முடிகின்றன. கடினம் என்பதற்காகக் கடமை மறைந்துபோவதில்லை. அது தாங்கமுடியாதவரின் தோளுக்கு இறங்குகிறது.

ஆகவே கல்லூரிகளைக் கண்டிப்பதோடு நின்றுவிடாது, அவை இக்கடமையை நிறைவேற்ற உதவுவதும் சமுதாயத்தின் பணியாகிறது. இத்தகைய உதவி இல்லாமலில்லை. மேற்கு மாநிலங்களின் உயர்கல்விக் கூட்டமைப்பொன்றைச் சார்ந்து 2011 இலிருந்து இயங்கும் ஒரு வலையமைப்பு, பல கல்லூரிகளின் அலுவலரை ஒன்றுசேர்த்து விதிகளை விளக்கிப் பயிற்சியளித்து வருகிறது. பெரிய கல்லூரிகளில் இதற்கெனத் தனி அலுவலகங்கள் தோன்றியுள்ளன. சபைகளின் விதிகளை வரிவரியாக வாசித்து, பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, தொலைபேசியிற் காத்திருந்து, கிடைத்த விடையைத் திகதியிட்டுக் கோவையில் வைக்கும் இவ்வெழுதுவினைஞரின் உழைப்பு எந்தப் பட்டமளிப்பு மேடையிலும் பாராட்டப்படுவதில்லை. எனக்கோ, மேடையில் நிகழ்த்தப்படும் பேருரைகள் பலவற்றிலும் இது மேலான கல்விப்பணியாகத் தோன்றுகிறது.

ஆயின் இவ்வறிவு எவ்வாறு உற்பத்தியாகிறது என்பதை நோக்கினால் வியப்பு மேலிடும். ஒரே சபையின் ஒரே விதியை நூற்றுக்கணக்கான கல்லூரிகள் தனித்தனியே விசாரித்துத் தனித்தனியே எழுதிவைக்கின்றன. போதிய ஆளில்லாத கல்லூரி, விவரங்களைத் திரட்டி விற்கும் தனியார் கம்பனிகளிடம் விலைகொடுத்து வாங்குகிறது. மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் கல்லூரி, மக்களின் சட்டத்தாலான சபையின் விதியை, இடையிலுள்ளவனிடம் பணங்கொடுத்து அறியவேண்டியுள்ளது. விதியை ஆக்கும் அதிகாரம் சபைக்கு உண்டென்றால், அவ்விதியை எவரும் விளங்கக்கூடியவாறு வெளியிட்டு, குறித்த பாடநெறி போதுமா என்று கேட்போருக்கு முன்கூட்டியே விடையளிக்கும் கடமையும் அதற்கு உண்டு. டென்ற் வழக்கிலே மாநிலத்துக்கு அதிகாரத்தை உறுதிசெய்த நீதிமன்றம் அதனோடு இக்கடமையையும் சேர்த்திருக்குமாயின், நூற்றாண்டுக்கு மேற்பட்ட குழப்பம் ஓரளவாயினும் குறைந்திருக்கும்.

தாதியருக்கான மாநில உடன்படிக்கை 2000 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையிலுள்ளது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களும் பிரதேசங்களும் அதிற் சேர்ந்துள்ளன. ஒன்றிற் பெற்ற அனுமதிப்பத்திரம் ஏனையவற்றிலும் செல்லும். அரிசோனா 2019 இல் வெளிமாநில அனுமதிப்பத்திரங்களைப் பொதுவாக ஏற்கும் சட்டத்தை ஆக்கிற்று. நல்லவையே. எனினும் இவை ஏற்கெனவே அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கான வழிகள். முதல் அனுமதிப்பத்திரத்தின் வாயிலில் நிற்கும் மாணவிக்கு இவற்றாற் பெரும்பயன் இல்லை.

இந்தச் சிக்கல் நமக்கும் அந்நியமானதன்று. வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புவோர், இலங்கை மருத்துவ சபை ஏற்கும் கல்வி நிறுவனத்திற் பட்டம் பெற்று, அதன் பின் பதிவுக்கான பரீட்சையிலும் சித்தியெய்த வேண்டும். மாலபேயிலிருந்த தனியார் மருத்துவக் கல்லூரியின் பட்டதாரிகளைப் பதிவுசெய்யும் விவகாரம் 2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் 2018 இல் உயர் நீதிமன்றத்திலும் தீர்க்கப்பட வேண்டியதாயிற்று. கல்வியை விற்பனைப் பண்டமாக்குவதை எதிர்ப்போர் நாம். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவ்வாண்டுகளில் எதிர்காலம் இன்னதென்று அறியாது நின்றவர்கள் கல்லூரியின் உடைமையாளர் அல்லர், மாணவரே என்பதையும் நாம் மறத்தலாகாது. உயர்தர வகுப்பு மாணவர் என்னிடங் கொண்டுவரும் வெளிநாட்டுப் படிப்பு விளம்பரத் தாள்களில் விடுதியின் படமும் பனி மூடிய மலையின் படமும் தவறாது இருக்கும். திரும்பி வந்தால் இங்கு எந்தச் சபை அப்பட்டத்தை ஏற்கும் என்ற வரியை அவற்றில் நான் கண்டதில்லை.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 2023 ஒக்டோபரில் வெளியிடப்பட்டு 2024 யூலை முதலாந் திகதி தொடக்கம் விதிக்கப்பட்ட புதிய நிபந்தனை, மூன்றாவது விடையை நேராகவே தாக்கிற்று. மத்திய அரசின் மாணவர் நிதியைப் பெறும் கல்லூரி, தான் அமைந்த மாநிலத்திலும், பாடநெறியிற் சேரும் மாணவர் இருக்கும் மாநிலத்திலும், அனுமதிக்கான கல்வித் தகைமையை அப்பாடநெறி நிறைவுசெய்கிறது என்பதைத் தானே தீர்மானித்திருத்தல் வேண்டும். வெறும் அறிவித்தல் போதாது, அறிதலே நிபந்தனையாயிற்று. கல்லூரிகள் கால அவகாசங் கேட்டன. ஆயத்தமாவதற்குச் சிரமப்பட்டவற்றின்மீது நடவடிக்கை எடுப்பதை அரசு சில மாதங்களுக்குத் தளர்த்திற்று. சில கல்லூரிகள் தம்மால் உறுதிப்படுத்த இயலாத மாநிலங்களிலிருந்து மாணவரைச் சேர்ப்பதையே நிறுத்தின. இதனாற் சிறிய, மக்கள்தொகை குறைந்த மாநிலங்களின் மாணவர் வாய்ப்பை இழப்பர் என்ற குறை கூறப்பட்டது. அக்குறை உண்மையே. பெருங்கம்பனிக் கல்லூரி அலுவலரை நியமித்து ஐம்பது மாநிலங்களையும் கண்டறியும். பொதுப்பணத்தில் இயங்கும் சிறு கல்லூரி பின்வாங்கும். வயல்வெளி மாநிலத்து மாணவி மீண்டும் கம்பனியின் வாயிலுக்கே செல்வாள். கடமையைச் சட்டமாக்கிவிட்டு, அதனை நிறைவேற்றும் வசதியைச் சந்தையிடம் விடுவதன் விளைவு இது. மூடிய கதவைத் திறந்த கதவாகக் காட்டுவதிலும், மூடியதென்று கூறுவது மேல் என்றே நான் கொள்கிறேன். ஆயினும் அதனோடு மனநிறைவு கொள்ள என்னால் இயலவில்லை.

புதிய நிபந்தனையில் ஒரு விலக்கும் உண்டு. மாணவர் தாம் இருக்கும் மாநிலத்தை விட்டு வேறொரு மாநிலத்திலே வேலை தேடும் எண்ணம் உடையவர் என்று உறுதிமொழி கூறுவாராயின், அந்த வேறு மாநிலத்தின் தகைமையைப் பாடநெறி நிறைவுசெய்தாற் போதும். இராணுவத்தினரின் மனைவிமாருக்கும், படிப்பு முடிய ஊர் திரும்பும் இளைஞருக்கும் இது தேவையான வழி என்பதில் ஐயமில்லை. எனினும் கையொப்பமொன்றைக் காட்டும்போது அதன் பின்னால் நிற்பது யாரென்று பார்ப்பது நல்லது. இடாஹோவில் வாழும் ஒரு பெண், தன் மாநிலத்திற் செல்லாத படிப்பொன்றிற் சேர விரும்புகிறாள். வொஷிங்டன் மாநிலத்திலே வேலை செய்யப்போவதாக எழுதினாற் சேரலாம் என்று சேர்க்கை அலுவலர் கூறுகிறார். எல்லை அருகேதான், போய்வரவும் கூடும். அவள் எழுதுகிறாள். இரண்டாம் ஆண்டில் தந்தை நோயுறுகிறார். அவளால் ஊரை விட்டு அசைய இயலவில்லை. கோவையில் அவளது கையொப்பமிட்ட தாள் இருக்கிறது. அதற்கருகே, எத்தனையாவது தவணையிலிருந்து எவ்வளவு கடன் வட்டியோடு திரும்பச் செலுத்தப்பட வேண்டும் என்ற இன்னொரு தாளும் இருக்கிறது. அதில் ‘தீர்மானிக்கப்படவில்லை’ என்ற சொல் எங்கும் இல்லை.